வெள்ளிக்கிழமை மூன்று பார்சல், செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை

திருகோணமலையின் ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள், பங்குச் சபைகள், விகாரை தாயக சபைகள், வர்த்தகர்கள், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

பெரியோர்களே, வணக்கம்.

பஸ் நிலையத்திலும் ரெயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் கடைத் தாழ்வாரத்திலும் படுத்தெழும்புகிறவர்களுக்கு இந்த ஊர் சோறு போடாமல் இருந்ததில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலில் அன்னதானம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலடியில் பார்சல். யாரோ ஒருவருடைய தாயாரின் ஆண்டுத் திவசம் என்று ஓட்டோவில் இன்னும் நாற்பது பார்சல். மூன்றாவது பார்சலை வாங்குகிறவர் மறுக்கத் தெரியாமல் வாங்கி வைப்பார். பின்னேரம் அது குப்பைத் தொட்டியடியில் கிடக்கும், ஊர் மான்கள் வந்து லன்ச் சீற்றையும் சேர்த்து மெல்லும். செவ்வாய்க்கிழமை இரவு அதே மனிதர் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார்.

ஆகவே கூடக் காசு சேருங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. கொடுக்கிறதை ஒரு நாட்காட்டிக்குள் கொண்டுவாருங்கள், அதனால் மிஞ்சுகிறதில் ஒரு பங்கை யாருமே உபயம் செய்யாத இரண்டு காரியங்களுக்குத் திருப்புங்கள் என்பதுதான் கோரிக்கை. ஒன்று மழை இரவு. மற்றது கடதாசி, அதாவது அடையாள அட்டையும் சான்றிதழ்களும்.

நாட்காட்டிக்கு வருவோம். பெரிய எழுத்தில் மாதம் ஒரு தாள், எல்லோரும் வந்துபோகும் ஒரு கடையிலோ ஒரு மடத்திலோ தொங்கினால் போதும். அதில் திகதி, மத்தியானமா இரவா, எத்தனை பேருக்கு, யார் பொறுப்பு என்ற நான்கு விஷயம் மட்டும் எழுத வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு மத்தியானம், ஓர் இரவு, அதற்கு மேல் இல்லை. இரண்டாவதாக வருகிறவர் அதே நாள் இரவை எடுப்பார், அல்லது வேறு நாளுக்குப் போவார். திவசக்காரரிடம் திதியை மாற்றச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அதே நாளில் சோற்றுக்குப் பதில் இரவு இடியப்பம் கொடுங்கள் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால், அன்றைக்கு அந்தப் பெயரில் அரிசி, பருப்பு, தேங்காயை வாங்கி வைத்து, வெறுமையாக இருக்கும் செவ்வாய்க்கிழமையில் சமைக்கலாம். நோன்பு மாதத்துக் கஞ்சி, வெசாக், பொசன் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல்கள், தவக்காலத்துத் தருமம், கோயில் திருவிழா நாட்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. வருடத் தொடக்கத்திலேயே அவற்றைக் குறித்துவிட்டால் வெற்றுக் கட்டங்கள் தாமே கண்ணில் படும். பொதுவாக வெறுமையாகக் கிடப்பவை கிழமை நாள் இரவுகளும், பெரிய பண்டிகை முடிந்த அடுத்த ஏழெட்டு நாட்களும்தான். பண்டிகையோடு எல்லோருக்கும் கை ஓய்ந்துவிடும்.

நாளை விட நேரம் முக்கியம். தெருவில் இருக்கிறவர்களில் வயதானவர்கள் பலருக்குச் சீனி வருத்தம் உண்டு. கிளினிக்கில் கொடுத்த குளிசையையோ இன்சுலினையோ காலையில் எடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வரும் என்று நம்பிய சோறு மூன்று மணிக்கு வந்தால், அந்த இடைவெளியில் ஆளுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். பார்க்கிறவர்கள் “வெறி” என்று சொல்லி விலகிப் போவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் தெளியும். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஆகவே மத்தியானம் 12.30 என்று போட்டால் 12.30 தான். பூசை நீண்டது, பிரசங்கம் நீண்டது, பிரதம விருந்தினர் வரவில்லை என்று சாப்பாட்டை மறித்து வைக்காதீர்கள். இன்சுலின் போத்தலை நம் வெயிலில் பையோடு கொண்டு திரிய முடியாது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தன் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் பெயர் எழுதிய ஒரு டப்பாவுக்கு இடம் தந்தால், அது நூறு பார்சலுக்குச் சமமான தருமம். குளிர்க்கட்டி உறையும் மேல்பெட்டிக்குள் மட்டும் வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது.

இனிச் சமையல். ஐம்பது பேருக்கு ஆறு கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, மரக்கறி இரண்டு வகையாக ஆறு கிலோ, கீரை ஒன்றரைக் கிலோ, ஆறு தேங்காய். ஆளுக்கு 120 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 330 கிராம் சோறாகும். தெருவில் நடந்து திரிகிற ஒருவருக்கு அது அளவான வயிற்றுச் சாப்பாடு. பெரும்பாலான பார்சல்களில் இதைவிட ஒன்றரை மடங்கு சோறு இருக்கும், கறி நுனிவிரலால் தொட்ட அளவு இருக்கும். சோற்றைக் குறைத்து அந்தக் காசைப் பருப்புக்கும் கீரைக்கும் மாற்றுங்கள். சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது. பல் இல்லாதவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களுக்குக் கடலையும் அரைவேக்காட்டுப் போஞ்சியும் வீண். மரக்கறிச் சாப்பாடாகவே வைத்துக்கொண்டால் ஹலால் கேள்வியும் வெள்ளிக்கிழமைக் கேள்வியும் ஒன்றாகவே தீரும். புரதத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் சோயா மீற் சேர்க்கலாம். முட்டை சாப்பிடுகிறவருக்கு அவித்த முட்டையை ஓட்டோடு தனியே கொடுக்கலாம்.

கெட்டுப்போவது எங்கே என்றால், அநேகமாக அண்டாவில் அல்ல, மூடிய பார்சலுக்குள்தான். வெந்த சோறு 60 பாகைக்குக் கீழே இறங்கியதும் கிருமி பெருகத் தொடங்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், வெளிவெப்பம் 32 பாகையைத் தாண்டும்போது, அந்தச் சோற்றுக்கு ஒரு மணித்தியாலம்தான் பாதுகாப்பு. காலை எட்டரைக்கு வடித்து, ஒன்பதரைக்குக் கட்டி, ஆவியோடு பெட்டிக்குள் அடுக்கி, ஒரு மணிக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? தேங்காய்ப்பால் விட்ட பருப்பு முதலில் புளிக்கும், பச்சைத் தேங்காய்ச் சம்பல் அதற்கும் முந்தும். சோற்றில் உண்டாகிற ஒரு நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தெருவில் இருக்கிறவருக்கு வயிற்றோட்டம் வந்தால் ஓடுவதற்கு மலசலகூடம் இல்லை, மாற்றுவதற்கு உடுப்பு இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கொடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: 12.30க்குப் பந்தி என்றால் 11.15க்குப் பிறகு சோறு வடியுங்கள், பருப்புக்குப் பாலைக் கடைசியாக விடுங்கள், சம்பலுக்குப் பதில் வறுத்த மிளகாய்த்தூளோடு ஒரு பொரியல் வையுங்கள். அண்டாவோடு கொண்டுபோய் அங்கேயே பரிமாறினால் இன்னும் நல்லது. தன்சலுக்கு எப்படிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அறிவிக்கிறோமோ, அதேபோலக் கிழமைதோறும் சமைக்கும் இடத்தையும் அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். அவர் குறை சொல்வார்தான். சொல்லட்டும்.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அனலில் வாட்டிய வாழையிலை, அதற்கு வெளியே பேப்பர். அச்சு மை சோற்றில் படக் கூடாது. பொலித்தீன் லன்ச் சீற்றுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் எப்படியோ கைக்குக் கிடைக்கிறது, மான்களின் வயிற்றுக்கும் போகிறது. நிரந்தரமாக வருகிற பதினைந்து இருபது பேருக்கு இலக்கம் பொறித்த எவர்சில்வர் பெட்டி வாங்கிவிட்டால், வருடக் கணக்கில் அது மலிவாகவே முடியும்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சமையல் வேண்டாம். மத்தியானச் சோற்றை எடுத்து வைத்து இரவுக்குக் கொடுப்பதைப் போல ஆபத்தானது வேறில்லை. நகரில் இரவு எட்டு மணி வரை இடியப்பமும் பிட்டும் போடுகிற சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அவர்களுக்கு முற்பணம் கட்டி, சாப்பாட்டுச் சீட்டாக ஒரு துண்டு கொடுக்கும் முறையே நல்லது. ஒரு துண்டுக்குப் பத்து இடியப்பம், சொதி, ஒரு கறி, ஒரு தேத்தண்ணீர். இதில் மூன்று பிழைகள் வரும். துண்டைப் பீடிக்கும் கசிப்புக்கும் விற்பார்கள். போட்டோ கொப்பி அடிப்பார்கள். கடைக்காரர் பின்வாசலில் நிற்கவைத்து, மிஞ்சியதைக் கொடுப்பார். முதலாவதுக்கு, துண்டில் அன்றைய திகதி முத்திரையைக் குத்தி அன்று பின்னேரமே கொடுங்கள். நாளைக்குச் செல்லாத துண்டுக்கு விலை இல்லை. இரண்டாவதுக்கு, ஒவ்வொரு கிழமையும் தாளின் நிறத்தை மாற்றுங்கள். மூன்றாவதுக்கு, மாதத்தில் ஒரு தடவை சபையிலிருந்து ஒருவர் அதே துண்டோடு அதே வாங்கில் போயிருந்து சாப்பிட வேண்டும். கடைக்கணக்கைக் கிழமைக்கு ஒருமுறை தீருங்கள். மாதக் கடன் ஏறினால் கறி மெலியும்.

இப்போது மழைக்கு வருகிறோம். இந்த ஊரில் வருடத்து மழையின் பெரும்பகுதி வாடைக் காற்றோடு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீரும். குளிர் நாடு அல்ல இது. ஆனால் நனைந்த சீலையோடு இரவு முழுக்கக் காற்றில் கிடந்தால் வயதான உடம்பு தாங்காது. கார்த்திகையில் நிறையப் பேர் தடித்த கம்பளி கொடுக்கிறார்கள். ஒரு தடவை நனைந்தால் அது மூன்று நாளைக்குக் காயாது, தூக்கித் திரியவும் முடியாது, நாலாம் நாள் மதிலோரம் கிடக்கும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பாய், ஆறடிக்கு நாலடி தறப்பாள் துண்டு, மெல்லிய பருத்திப் போர்வை ஒன்று, எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டத் தடித்த பொலித்தீன் பை. இவ்வளவும் தோளில் தொங்கும் பாரத்துக்குள் அடங்கும். சாரம், சட்டை, சீலை பழையது கொடுக்கலாம். உள்ளாடை மட்டும் புதிதாக இருக்க வேண்டும். அதை யாரும் கொடுப்பதில்லை, கேட்கவும் கூசுவார்கள். பெண்களுக்கு மாதவிடாய்த் துணியும் அப்படித்தான்.

மழை இரவுகளில் படுக்க இடம் வேண்டும். அதற்காகக் கட்டடம் கட்டக் கிளம்பாதீர்கள். கட்டடம் என்றால் அடிக்கல், பெயர்ப்பலகை, சீமெந்து என்று போய் இரண்டு வருடத்தில் நின்றுவிடும். இருக்கிற மடத்தையும் மண்டபத்தையும் தேவாலய அறையையும் முறை வைத்துத் திறந்தால் போதும். அவசர காலத் தங்குமிடங்களுக்கு உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு ஆளுக்கு 3.5 சதுர மீற்றர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம். இருபதடிக்கு இருபதடி மண்டபத்தில் பத்துப் பேர். பன்னிரண்டு பேரை அடுக்கினால் இரவில் சண்டை வரும். பெண்களுக்குத் தனி அறை, உள்பக்கத் தாழ்ப்பாள், விடியும்வரை எரிகிற ஒரு விளக்கு. இது இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். வராதது பிழையும் இல்லை. இரவு எட்டரைக்குத் திறந்து காலை ஐந்தரைக்கு மூடலாம். காவலுக்கு இருவர், அதில் ஒருவர் பெண். எந்த இரவு திறப்பது என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் விவாதிக்காதீர்கள். “பின்னேரம் ஆறு மணிக்கு மழை பெய்து கொண்டிருந்தால், அல்லது வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டிருந்தால் திறப்போம்” என்று ஒரு விதியை எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள். வந்து படுக்கிறவருக்கும் அந்த விதி மனப்பாடமாக வேண்டும்.

இடம் இருந்தும் ஆட்கள் வராத மண்டபங்கள் உண்டு. காரணம் அநேகமாகப் பை. அந்தப் பைக்குள்தான் ஒருவருடைய உலகம் முழுதும் இருக்கிறது. வெளியே வைக்கச் சொன்னால் அவர் மழையிலேயே இருந்துகொள்வார். பூட்டுள்ள ஒரு அலுமாரியும் இலக்கத் துண்டும் போதும். கூடவே வளர்க்கும் நாயும் ஒரு காரணம், அதற்குத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கு விரித்துவிடுங்கள். மூன்றாவது காரணம் குடி. “குடித்தவருக்கு இடமில்லை” என்ற பலகை நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வருடக் கணக்கில் நாளும் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், ஆளே போகவும் கூடும். உள்ளே குடிக்கக் கூடாது, போத்தலை வாசலில் கொடுத்துவிட வேண்டும், சண்டை பிடித்தால் வெளியே. இந்த மூன்று விதி போதும். நிறுத்த விரும்புகிறவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், மண்டபத்தில் வைத்து நிறுத்த முயலாதீர்கள்.

படுக்கை கொடுத்தால் சொறியும் சேர்ந்து வரும். விரல் இடுக்கிலும் இடுப்பிலும் இரவில் கூடுதலாகக் கடித்தால் அதுதான். மருந்தைக் கழுத்திலிருந்து கால்வரை, ஒரே இரவில், அந்த மண்டபத்தில் படுத்த எல்லோரும் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் அடுத்த கிழமை திரும்ப வரும். போர்வைகளைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், வெயில் இல்லாத காலத்தில் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை தனியே வையுங்கள்.

கால் புண்ணுக்கு மஞ்சளும் மண்ணெண்ணெயும் போடுகிற கைகளை எப்படியாவது தடுக்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, மட்டமாக வெட்டிய தேக்கரண்டியில் ஒன்றரை. கையுறை போட்டு, அந்தத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது மட்டுமே நம் வேலை. மருந்து கட்டுவது அங்கே இலவசம், போக்குவரத்துக் காசுதான் இல்லாதது. கறுத்துப் போன விரல், கெட்ட மணம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே. இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவரை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சளியைச் சோதியுங்கள், அதுவும் இலவசம். காசநோய் என்று வந்தால் மருந்து குறைந்தது ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல். சோறு கொடுக்கும் நேரத்தோடு மருந்தையும் இணைத்தால் விடுபடாது. மனவருத்தம் உள்ளவர்களில் சிலருக்கு மாதம் ஒரு ஊசி இருக்கும். அந்தத் திகதியையும் நாட்காட்டியின் மூலையில் ஒரு குறியாகப் போடுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் இரவுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது கடதாசி. அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவருக்கு அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவு இல்லை. இந்த மாவட்டத்தில் கடதாசி தொலைந்த காரணங்களை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 போர், 2004 சுனாமி, 2006 போர் என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பெட்டியோடு போனவை அவை. வரிசை இப்படி: முதலில் பிறப்புச் சான்றிதழின் பிரதி. பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். அட்டை தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. பிறகு அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் படம். பிறகு கிராம உத்தியோகத்தரின் கையொப்பம், அதன்பின் பிரதேச செயலகம். நகருக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.

சிக்கிக்கொள்வது கிராம உத்தியோகத்தரிடம்தான். “எந்த வீட்டில் இருக்கிறார்?” என்று அவர் கேட்பார். அது அவருடைய கடமை, அவரோடு கோபிப்பதில் பயனில்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்த ஆள் கடைசியாக வாக்காளர் இடாப்பில் இருந்த பிரிவைத் தேடிப் பிடிப்பது. மூதூரோ தம்பலகாமமோ கந்தளாயோ, அங்கே பழைய அயலவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மற்றது, உங்கள் சபை எழுத்தில் ஒரு முகவரி கொடுப்பது: “இன்னார் எங்கள் மடத்தில் தங்குகிறார், அவருக்கு வரும் தபாலைப் பெற்றுக்கொடுப்போம்” என்று கடிதத் தலைப்பில், தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு. சபைகள் பயப்படும் இடம் இது. முகவரி கொடுத்தால் காணிக்கு உரிமை கேட்பார்களோ என்று தயங்குவார்கள். அந்தக் கடிதத்தை முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, தபால் தேவைக்கான முகவரி மட்டுமே என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயத்தோடு மறுப்பதைவிட அது நல்லது. பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரை முன்கூட்டியே கண்டு பேசிவைத்தால் பாதி நடை குறையும்.

ஒரு சின்ன உபாயம். பிறந்த திகதி மறந்த முதியவர்கள்கூடப் பழைய அட்டை இலக்கத்தை மறக்க மாட்டார்கள், அத்தனை சோதனைச் சாவடிகளில் சொல்லிச் சொல்லி நாவில் ஏறியது அது. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. 52561 என்று தொடங்கினால் 1952 மார்ச் 1 பிறந்த பெண். பிறப்புப் பதிவைத் தேட அந்தத் திகதி போதும்.

இத்தனை நடைக்கும் ஆகும் செலவு பஸ் காசு, ஓட்டோ காசு, படம், கட்டணம், கூடப் போகிறவரின் ஒரு நாள் சம்பளம். ஐம்பது பேருக்கு ஒரு மத்தியானச் சோறு போடுகிற செலவில் பல பேருக்கு அட்டை எடுக்கலாம். ஆனால் “அப்பாவின் நினைவாக ஒருவருக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தோம்” என்று இதுவரை யாரும் பத்திரிகையில் போடவில்லை.

காசு சேர்க்கும் முறை பற்றிச் சுருக்கமாக. இதற்காகப் புதுச் சங்கம் வேண்டாம், ரீசேட் வேண்டாம். ஏற்கெனவே பதிவுள்ள ஒரு சபையின் கீழ் தனிக் கணக்கு ஒன்று திறந்து, நான்கு சமயத்தவரிலிருந்தும் ஒவ்வொருவர் மேற்பார்வைக்கு இருந்தால் போதும். காசோலைக்கு ஒப்பமிட மூவரை வைத்து, அவர்களில் இருவர் ஒப்பமிட வேண்டும், அவர்கள் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. தனியாள் கணக்குக்கு வெளிநாட்டுக் காசை எடுக்காதீர்கள். வங்கியும் கேள்வி கேட்கும், அவர் கனடா போனால் காசும் அவரோடு முடங்கும். பற்றுச்சீட்டுப் புத்தகம் தொடர் இலக்கத்தோடு, காபன் பிரதியோடு இருக்க வேண்டும். எந்தப் புத்தகம் யார் கையில் என்று ஒரு பதிவு வேண்டும். பிழைத்த சீட்டைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு அதிலேயே ஒட்டிவிட வேண்டும். கடைகளில் வைக்கும் உண்டியலை இருவர் சேர்ந்து, கடைக்காரர் முன்னிலையில் திறந்து எண்ணி, அங்கேயே ஒப்பமிட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் போட வேண்டும். உண்டியலிலிருந்து எடுத்து நேரே செலவழித்த அன்றைக்கே கணக்கு கலங்கத் தொடங்கும், செலவு நியாயமாக இருந்தாலும்.

ரூபாயில் கேட்காமல் பொருளில் கேளுங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. “ஒரு மழைப் பை”, “ஒரு கிழமை இரவுத் துண்டு ஒருவருக்கு”, “ஒரு அட்டைக்கான நடை” என்று அன்றைய விலையோடு ஒட்டினால், கொடுப்பவருக்கும் எது குறைகிறது என்று தெரியும். வருகிற நூறு ரூபாயில் ஐம்பது சாப்பாட்டுக்கு, இருபது மழைக்காலத்துக்கு, இருபது மருந்து நடைக்கும் கடதாசிக்கும், பத்து தொடாத கையிருப்புக்கு என்று நாங்கள் சொல்லுவோம். வேறு கணக்கு வைத்தாலும் சரி, சோறு எண்பதைத் தாண்டவிடாதீர்கள். ஸகாத் காசுக்கு யாருக்குப் போகலாம் என்ற வரையறை உண்டு, அதைத் தனிப் பக்கத்தில் எழுதி உலமாவிடம் கேட்டுச் செலவழியுங்கள்.

வெளிநாட்டு உறவுகளே, படம் கேட்காதீர்கள். பார்சலை நீட்டும் கையும் வாங்கும் முகமுமாக எடுக்கிற அந்தப் படத்தை, கொழும்பிலோ வவுனியாவிலோ இருக்கும் மகள் ஒருத்தி தற்செயலாகப் பார்ப்பாள். படத்தில் இருந்தவர் அடுத்த நாள் தொடக்கம் அந்தப் பந்திக்கு வரமாட்டார். கடைப் பில், பற்றுச்சீட்டு, மேசையில் அடுக்கிய பெட்டிகள், இந்த மூன்றின் படமும் மாதக் கணக்கும் உங்களுக்கு வரும். இதற்குமேல் நம்பிக்கை வராவிட்டால் லீவில் வரும்போது வந்து துண்டு கொடுங்கள். கொடுக்கும்போது “இந்தா” வேண்டாம், “இந்தாங்கோ ஐயா”, “சாப்பிடுங்கோ அம்மா”. பெயர் தெரிந்தால் பெயரோடு.

பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், கேட்டவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். வெள்ளைக்காரன் 1841இல் போட்ட அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருந்து, இருக்க இடமில்லாதவரைக் குற்றவாளியாக்கப் பயன்பட்டு வந்திருக்கிறது. பண்டிகைக்கு முன் “நகரை அழகாக்க” இவர்களை வாகனத்தில் ஏற்றி வேறு ஊரில் இறக்கும் யோசனையை யார் சொன்னாலும் சபைகள் எதிர்க்க வேண்டும். மருந்தும் கிளினிக் கொப்பியும் இங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகள் கைவிட்ட முதியவர் என்றால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையில் முறையிட வழி உண்டு. அவரிடம் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். பிள்ளையை வழக்குக்கு இழுக்க மனம் ஒப்பாதவர்களே அதிகம்.

மழைக்கு முன் நடக்க வேண்டியவை சில. ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு சபையும் தன் அன்னதான நாட்குறிப்போடு ஒருவரை அனுப்பி, முதல் நாட்காட்டியை எழுத வேண்டும். புரட்டாதியில் மண்டபங்களின் முறையும் திறப்பு யார் கையில் என்பதும் முடிவாக வேண்டும். தறப்பாளை ஐப்பசிக்கு முன் வாங்குங்கள். முதல் மழை விழுந்ததும் கடையில் விலை ஏறும், அளவும் கிடைக்காது. நாட்காட்டி தொங்குகிற இடத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தெருவோரத்தவரோடு வேலை செய்யும் சிலர்,
திருகோணமலை.